நாலு ரோட்டில் ஒரு பந்தய கியர்

காலை ஒன்பதரைக்குத் திருச்சி புத்தூர் நாலு ரோட்டில் வண்டிகள் ஓடாது, ஊரும். போன மாதம் அக்கா மகனின் புதுக் காரில் அந்த நெரிசலில் மாட்டிக்கொண்டேன். பத்தடி நகர்வு, பிரேக், மறுபடி பத்தடி. ஜி.எச். வாசலைத் தாண்டுவதற்குள் கருகல் வாடை. “ரேஸ் கார்ல வர்ற கியர் பாக்ஸ் மாமா இது” என்று அதுவரை அளந்துகொண்டிருந்தவன், கண்ணாடியை இறக்கிப் பக்கத்து லாரியை முறைத்தான். லாரி மேல் தப்பில்லை. வாடை எங்களுடையதுதான்.

அவன் அளந்ததும் பொய்யில்லை. மேனுவல் வண்டியில் கியர் மாற்றும்போது கிளட்சை மிதித்து, எஞ்சினையும் சக்கரத்தையும் ஒரு கணம் பிரிக்கிறோம். அந்தக் கணம் இழுவை கிடையாது. பந்தயத்தில் அது நஷ்டம். அவன் வண்டியில் இருக்கும் டூயல் கிளட்ச் கியர் பாக்ஸில் 1, 3, 5, 7 ஒரு தண்டில், 2, 4, 6 இன்னொன்றில், தண்டுக்கொரு கிளட்ச். மூன்றில் ஓடும்போதே கம்ப்யூட்டர் நான்கைக் கோத்து வைத்துவிடும். ஒன்று விடும்போதே மற்றது பிடிக்கும். இரட்டை நாயனத்தில் ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் ஊதுவதால் நாதம் அறுபடாதே, அதே சங்கதி. 1980களில் போர்ஷே 956, 962 பந்தயக் கார்களில் சோதித்த இந்த ஏற்பாடு, 2003இல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32 வழியாகச் சாலைக்கு வந்தது. இதே ஏற்பாட்டோடு 2021இல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன் நம் இருங்காட்டுக்கோட்டைத் தயாரிப்பு. சென்னைக்காரர்கள் கார்ப் பந்தயம் பார்க்கப் போவதும் அதே ஊருக்குத்தான்.

பழைய ஆட்டோமேட்டிக்கின் சூட்சுமம் டார்க் கன்வர்ட்டர். குண்டானில் சாம்பாரைக் கரண்டியால் வேகமாகச் சுழற்றுங்கள். அதில் இன்னொரு கரண்டியை விட்டால் அதையும் சாம்பார் இழுக்கும். எஞ்சின் முதல் கரண்டி, கியர் பாக்ஸ் இரண்டாவது, நடுவே எண்ணெய். 1905இல் ஜெர்மானியர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் கப்பலுக்காக யோசித்தது. எண்ணெய் வழுக்குவதால் கொஞ்சம் சக்தி வீணாகும், அதனால்தான் ‘சோம்பேறி கியர்’ என்ற கெட்ட பெயர். ஆனால் ஊர்ந்துபோகும்போது அந்த வழுக்கலே வரம். தேய அங்கே தகடு இல்லை. சூட்டை எண்ணெய் சுமந்துபோய்க் கூலரில் ஆற்றிக்கொள்ளும்.

டூயல் கிளட்ச் ஊர வேண்டுமானால் ஹாஃப் கிளட்சில்தான் ஊர வேண்டும். பழகாத டிரைவர் மேட்டில் செய்வதை இங்கே கம்ப்யூட்டர் செய்கிறது. பெரிய வேகக் கார்களில் கிளட்ச் எண்ணெயில் நனைந்திருக்கும். சின்ன கார்களில் பலவற்றில் உலர் கிளட்ச். காற்றுதான் ஆற்ற வேண்டும். திருச்சி மே மாதக் காற்று யாரை ஆற்றியிருக்கிறது?

சரி, வேகத்துக்காவது டூயல் கிளட்ச்தானே? பத்து வருஷத்துக்கு முன் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்றிருப்பேன். 2011இல் பி.எம்.டபிள்யூ. எம்5க்கு ஏழு கியர் டூயல் கிளட்ச் வந்தது. 2017இல் அடுத்த எம்5 வந்தபோது அதைக் கழற்றிவிட்டு, எட்டு கியர் டார்க் கன்வர்ட்டருக்கே திரும்பிவிட்டார்கள். அந்த வண்டியின் முறுக்குவிசை 750 நியூட்டன் மீட்டர். கிளம்பிய சற்று நேரத்தில் கன்வர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரு பக்கத்தையும் இறுகப் பூட்டிவிடுவதால், வழுக்கல் என்ற பழைய குறை பெரும்பாலும் போய்விட்டது. கியர் மாறும் வேகத்தில் மிச்சமிருக்கும் வித்தியாசம் சாலையில் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. ரேஸ் டிராக்கில், சுற்றுக்குச் சுற்று நொடியின் பின்னம் எண்ணும் இடத்தில் மட்டும் தெரியும். போர்ஷேயும் ஃபெராரியும் டூயல் கிளட்சை விடாததற்குக் காரணம் அதுதான் என்பது என் கணிப்பு.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அக்கா மகன் இன்னொன்றையும் கண்டுகொண்டான். கம்ப்யூட்டர் அடுத்த கியரை ஊகித்துத்தான் கோக்கிறது. இரண்டில் ஓடும்போது அது மேலே போக நினைத்து மூன்றைக் கோத்திருக்க, வளைவில் நாம் சட்டென்று முதல் கியரைக் கேட்டால், வண்டி ஒரு கணம் விழிக்கும்.

சர்வீஸ் சென்டரில் அவனுக்குச் சொன்ன வைத்தியம் எளிது: அங்குலம் அங்குலமாக நகர்த்தாதே, முன் வண்டி போகட்டும், ஒரு கார் நீளம் இடம் விழுந்ததும் மொத்தமாக நகர். மறுநாளே நாலு ரோட்டில் செய்து பார்த்தான். விழுந்த இடத்தில் ஒரு ஷேர் ஆட்டோவும் இரண்டு பைக்குகளும் நுழைந்துவிட்டன.