பிளவக்கல்லுக்கு ஓடிய கூட்டம் நூலகத்துக்கு வராதா?

ராஜபாளையம்—

2025 ஜூன் மாதம் வத்திராயிருப்பு பக்கம் ஒரே அமளி! கூமாபட்டியைப் பற்றி செல்போனில் வந்த ஒரு வீடியோ காட்டுத்தீயாகப் பரவியது. பெண்டு பிள்ளைகளோடு ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பிளவக்கல் அணையைப் பார்க்க ஆசையாக வந்தவர்களில் பலர், உள்ளே போக அனுமதி இல்லை என்று தெரிந்து வந்த வழியே திரும்பினார்கள்.

பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு ஆறு, இரண்டு அணை. அதற்கு மேலே மேற்குத் தொடர்ச்சி மலைக் காடு. 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் ஆனது. 2021-ல் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கிவிட்டார்கள். நினைத்தபோது நுழைகிற இடமா அது?

ஆனால் பிள்ளைகளை அந்தக் காட்டுக்குள் கூட்டிப்போக இன்னொரு வழி இருக்கிறது. பஸ் பிடிக்க வேண்டாம்.

ராஜபாளையத்துக்காரர்!

கொ.மா.கோதண்டம் என்ற பெயரைக் கேட்டதுண்டா? 1938-ல் ராஜபாளையத்தில் பிறந்தவர். இந்த மலையையும் அங்கே வாழும் பளியர் மக்களையும் பற்றி எழுதி எழுதி 'குறிஞ்சிச் செல்வர்' என்றே பெயர் வாங்கியவர். குழந்தைகளுக்கு அவர் எழுதிய 'காட்டுக்குள்ளே இசைவிழா' புத்தகத்துக்கு 2012-ல் சாகித்ய அகாடமியின் பால சாகித்ய விருது கிடைத்தது.

டெல்லிக்குத் தெரிந்துவிட்டது. உள்ளூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கதையில் பனி கொட்டுகிறது என்றால் நம்ம பிள்ளை தலையை ஆட்டிவிட்டுத் தாண்டிப் போய்விடும். மலையும் காடும் வந்தால், "அப்பா, இது நம்ம ஊர் மலைதானே?" என்று கேட்கும். கேட்க ஆரம்பித்த பிள்ளை சும்மா இருக்காது. அடுத்த பக்கத்தைத் திருப்பும்.

"வை கீழே!"

"கதைப் புத்தகமா? வை கீழே! பாடத்தை எடு!" இது பல வீடுகளில் தினசரி கேட்கிற சத்தம்.

யோசித்துப் பாருங்கள். சாப்பிட்டியா, படிச்சியா, தூங்கு. வேலை நாளில் நாம் பிள்ளையிடம் பேசுவது பெரும்பாலும் இவ்வளவுதான். வீட்டில் காதில் விழாத வார்த்தைகள் கதையில்தான் வருகின்றன. கணக்கில் கோட்டை விடும் பையன்களில் சிலருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. கேள்வியை வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை!

மில்லில் ஷிப்டு முடிந்து வரும் அப்பாவுக்கு நேரம் ஏது என்பீர்கள். பத்து நிமிஷம் போதும். சின்னப் பிள்ளை சொன்ன கதையையே திரும்பத் திரும்பக் கேட்கும். அலுப்பில் ஒரு பக்கத்தைத் தாண்டினால் கையோடு பிடித்துவிடும். அந்தச் சிரிப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. சரளமாகப் படிக்க வராதா? பிள்ளையைப் படிக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2022-ல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று இரண்டு பத்திரிகை தொடங்கினார்கள். பிள்ளையின் பையில் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

உங்கள் பணம் சார்!

வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி. ஆயிரம் ரூபாய் வரி என்றால் நூறு ரூபாய் நூலகக் கணக்குக்கு. "நான் வாடகை வீடுதானே" என்கிறீர்களா? வீட்டுக்காரர் அதையும் சேர்த்துத்தானே வாடகை வாங்குகிறார்!

இதற்கு வழி செய்தது 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம். அப்போது கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியார். பின்னால் நின்று பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். அதற்கும் முன்னால், 1931-ல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அன்று புத்தகம் ஆளைத் தேடி வந்தது. இன்று அலமாரியில் காத்துக் கிடக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியை ஒழுங்காகக் கட்டாமல் பாக்கி வைப்பதாக அடிக்கடி புகார் எழுகிறது. பல நூலகங்களில் பெஞ்சு நிறைய குரூப்-4 பரீட்சைக்குப் படிக்கும் வாலிபர்கள். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் சின்னப் பிள்ளை எங்கே உட்காரும்? பிள்ளைகள் வந்து கேட்டால்தானே பெஞ்சும் புத்தகமும் கேட்டு நூலகர் மேலே எழுத முடியும்!

பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார லீவு, அதோடு இரண்டாவது சனிக்கிழமை. ஞாயிறு திறந்திருக்கும். கடைக்காரர்களுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் தோதான நாள். பிள்ளையின் பெயரில் ஒரு உறுப்பினர் அட்டை போடுங்கள். கோதண்டம் புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.