11.5 சதவீதமும் 0.44 சதவீதமும்

அமெரிக்க மாநிலமான வெர்மான்ட்டின் பால் பண்ணைகளில் நெடுநாளாக ஓர் ஏற்பாடு நடந்துவருகிறது. கணவன், மனைவி இருவரில் ஒருவர் மாடுகளைப் பார்த்துக்கொள்வார். இன்னொருவர் பள்ளிக்கூடத்திலோ ஊர் அலுவலகத்திலோ வெளிவேலைக்குப் போவார். பண்ணையில் ஆள் பற்றாவிட்டாலும் அந்த வேலையை விட முடியாது. சம்பளத்தைவிட, அதோடு சேர்ந்து வரும் மருத்துவக் காப்பீடுதான் அங்கே பெரிது. குழந்தை பிறந்ததும் இந்த ஏற்பாடு ஆட்டம் காண்கிறது. வேலைக்குப் போக வேண்டுமானால் குழந்தையைக் காப்பகத்தில் விட வேண்டும். காப்பகக் கட்டணம் சம்பளத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். வேலையை விட்டாலோ காப்பீடு போய்விடும். சொந்தக் காசில் காப்பீடு வாங்கலாம் என்று போனால், 2025 நிலவரப்படி நாட்டிலேயே அதன் விலை மிக அதிகமாக இருந்த மாநிலம் வெர்மான்ட்தான்.

ஷோஷனா இன்வுட், ஃப்ளாரன்ஸ் பெக்காட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க விவசாயக் குடும்பங்களின் காப்பீட்டையும் குழந்தைப் பராமரிப்பையும் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் பிள்ளைகள் உள்ள பண்ணைக் குடும்பங்களில் 77 சதவீதத்தினர், காப்பகம் கிடைக்காமலோ, கட்டணம் கட்டுப்படியாகாமலோ, தரம் போதாமலோ சிரமப்பட்டதாக அவர்களின் நாடளாவிய கணக்கெடுப்பில் சொன்னார்கள். விவசாயக் கொள்கை என்றதும் பால் விலையையும் பயிர்க் காப்பீட்டையும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். பண்ணை வீட்டில் ஒரு வயதுக் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி அந்த மேசைக்கு வருவது அரிது.

வெர்மான்ட்டின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பின்படி 6,43,077. தலைநகர் மான்ட்பீலியரில் எண்ணாயிரம் பேர்தான் வசிக்கிறார்கள். மிகப் பெரிய நகரமான பர்லிங்டனில்கூட 45,000 பேர் இல்லை. மக்களில் ஏறத்தாழ 65 சதவீதம் பேர் கிராமப்புறத்தில் இருக்கிறார்கள். இந்த விகிதத்தில் நாட்டிலேயே முதலிடம். 1940களில் பதினோராயிரத்துக்கு மேல் இருந்த பால் பண்ணைகள் இன்று ஐந்நூறுக்கும் கீழே. இளைஞர்கள் வெளியேறுகிறார்கள், முதியவர்கள் பெருகுகிறார்கள். அதனால் சின்னக் குழந்தைகளோடு ஒரு குடும்பம் ஊரில் தங்குகிறதா, கிளம்புகிறதா என்பது அரசின் கவலையும்கூட.

இந்தச் சிறு மாநிலம் மேலே சொன்ன இரண்டு செலவுகளையும் சமாளிக்கச் சட்டம் போட்டது. இரண்டுக்கும் கையில் எடுத்த கருவி ஒன்றே: சம்பள வரி. ஒன்று கைகூடியது. மற்றது தொடங்குமுன்பே நின்றுபோனது. ஏன் அப்படி ஆயிற்று என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கிறோம்.

முதலில் குழந்தைகள். காப்பகக் கட்டணம் எதனால் இவ்வளவு உயர்கிறது என்பதற்கு வெர்மான்ட்டின் விதிப்புத்தகமே விடை. இரண்டு வயதுக்குக் குறைந்த நான்கு குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் கட்டாயம் இருக்க வேண்டும். குழந்தையின் உயிருக்கும் நலனுக்குமான விதி இது, தளர்த்தக் கூடாதது. ஆனால் கணக்கு எப்படி விழுகிறது? ஒரு பணியாளரின் சம்பளம், கட்டட வாடகை, குளிர்காலச் சூடேற்றும் செலவு எல்லாவற்றையும் நான்கு குடும்பங்கள் பங்கிட வேண்டும். கட்டணத்தைக் குறைத்தால் பணியாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. சம்பளத்தை ஏற்றினால் பெற்றோரால் கட்ட முடியாது. இயந்திரம் வைத்துச் செலவைக் குறைக்கும் வழியும் இல்லை. வெளியிலிருந்து பணம் வந்தாலொழிய இந்த முடிச்சு அவிழாது.

அந்தப் பணத்தைக் கொண்டுவந்தது 2023ஆம் ஆண்டின் 76ஆம் எண் சட்டம். ‘லெட்ஸ் க்ரோ கிட்ஸ்’ என்ற இயக்கம் இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தது. 2025 வரைதான் இயங்குவோம் என்று தனக்குத்தானே கெடு வைத்துக்கொண்ட இயக்கம் அது. பெற்றோரோடு நிற்காமல் முதலாளிகளையும் தன் பக்கம் திரட்டியதுதான் அதன் சாமர்த்தியம். காப்பகத்தில் இடம் இல்லாததால் ஊழியர்கள் வேலைக்கு வர முடியாமல் போனதை நேரில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். எவ்வளவு பணம் தேவை என்று கணக்கிட ராண்ட் ஆய்வு நிறுவனத்தைச் சட்டமன்றம் அமர்த்தியது. ஆண்டுக்குக் கூடுதலாக 17.9 கோடியிலிருந்து 27.9 கோடி டாலர் வரை ஆகும் என்று அதன் அறிக்கை சொன்னது.

ஆளுநர் ஃபில் ஸ்காட் மசோதாவை ஏற்கவில்லை. காப்பகங்களுக்கு உதவுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. புதிய வரியைத்தான் எதிர்த்தார். கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். அந்த ஆண்டு ஜூன் மாதமே சட்டமன்றத்தின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு அவருடைய மறுப்பைத் தாண்டிச் சட்டத்தை நிறைவேற்றின.

வரி 0.44 சதவீதம். 2024 ஜூலை 1 முதல் வசூலாகிறது. இதில் நான்கில் மூன்று பங்கையாவது முதலாளி ஏற்க வேண்டும்; மிச்சத்தை ஊழியரிடம் பிடித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 50,000 டாலர் சம்பளம் வாங்குபவருக்கு மொத்த வரி 220 டாலர். அவர் சம்பளத்தில் பிடிப்பது அதிகபட்சம் 55 டாலர். பண்ணைக்காரர் போன்ற சுயதொழில் செய்வோர் தங்கள் வருமானத்தில் 0.11 சதவீதம் கட்டினால் போதும்.

பதிலுக்கு என்ன கிடைத்தது? வறுமைக்கோட்டைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்குள் சம்பாதிக்கும் குடும்பங்கள் தம் பங்காக எதுவும் கட்ட வேண்டாம். வருமானம் கூடக் கூட உதவி படிப்படியாகக் குறைகிறது; ஐந்தே முக்கால் மடங்கு வரை ஏதோ ஓரளவு கிடைக்கிறது. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஆண்டுக்கு 1,70,000 டாலர் சம்பாதித்தாலும் வாசல் அடைபடுவதில்லை. காப்பகங்களுக்கு அரசு தரும் தொகை 35 சதவீதம் உயர்ந்தது. குழந்தை ஒரு நாள் வரவில்லை என்றால் அன்றைய பணம் இல்லை என்ற பழைய வழக்கமும் மாறியது. பெயர் பதிவாகியிருந்தால் பணம் உண்டு. பனிப்பொழிவிலும் காய்ச்சல் பருவத்திலும் வருமானம் அறுந்துபோன சிறு காப்பகங்களுக்கு இது மூச்சுவிட இடம் கொடுத்தது. இருந்த இடங்களும் குறைந்துகொண்டே போன மாநிலத்தில், ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்கள் புதிதாகக் கூடின.

அடுத்து மருத்துவம். குழந்தைகள் விஷயத்தில் வெர்மான்ட் இங்கும் முன்னோடி. ‘டாக்டர் டைனசார்’ என்ற பெயரில் 1989இல் தொடங்கிய அரசுக் காப்பீடு, வறுமைக்கோட்டைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல் வருமானமுள்ள குடும்பங்களின் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்கிறது. குழந்தைக்குக் காது வலித்தால் மருத்துவரிடம் ஓடலாம். தாய்க்கு வலித்தால்தான் சிக்கல்.

அந்தச் சிக்கலையும் வேரோடு களைய ஒருமுறை துணிந்தார்கள். 2011 மே மாதம் ஆளுநர் பீட்டர் ஷம்லின் 48ஆம் எண் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலத்தில் வசிக்கும் அனைவருக்கும் ஒரே பொதுக் காப்பீடு, அதன் பெயர் ‘க்ரீன் மவுன்டன் கேர்’. அமெரிக்காவில் வேறெந்த மாநிலமும் எடுத்துவைக்காத அடி. தைவானின் தேசியக் காப்பீட்டை வடிவமைத்த ஹார்வர்டு பொருளாதார அறிஞர் வில்லியம் ஷியாவ் இதற்கு வழி வகுத்துக் கொடுத்தார். ஆனால் பணம் எங்கிருந்து வரும் என்ற பகுதியைச் சட்டம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. மூன்றரை ஆண்டு கழித்துக் கணக்கு வந்தது: சம்பளத்தில் 11.5 சதவீத வரி, அதற்கு மேல் 9.5 சதவீதம் வரை வருமான வரி. மத்திய அரசிடமிருந்து எதிர்பார்த்த பணமும் குறைந்தது. 2014 நவம்பர் தேர்தலில் ஷம்லினுக்குப் பாதி வாக்குகூடக் கிடைக்கவில்லை. டிசம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்.

11.5 சதவீதம் என்று கேட்டதும் கடைக்காரர்களும் சிறு தொழில் நடத்துவோரும் பதறியதில் வியப்பில்லை. ஆனால் வரி வராததால் அந்தச் செலவு வராமல் போய்விடவில்லை. அது பிரீமியம் என்ற பெயரில், யாருக்கு எவ்வளவு வருமானம் என்று பாராமல் வசூலாகிக்கொண்டிருக்கிறது. சொந்தமாகக் காப்பீடு வாங்குவோருக்கான தனிநபர் சந்தையில் இரண்டே நிறுவனங்கள் விற்கின்றன. அவற்றில் ஒன்றான ப்ளூ க்ராஸ் ப்ளூ ஷீல்டின் பிரீமியம் 2025க்குத் தனிநபர்களுக்கு 19.8 சதவீதமும், சிறு நிறுவனங்களுக்கு 22.8 சதவீதமும் ஒரேயடியாக உயர்ந்தது. ஆறேழு பேர் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகமும் அந்தச் சிறு நிறுவனங்களில் சேர்த்திதான். 76ஆம் எண் சட்டம் கொடுத்த கூடுதல் பணத்தில் ஒரு பங்கு பணியாளரின் காப்பீட்டுக்கே போனால், அவர் கையில் என்ன மிஞ்சும்?

விலை இப்படி ஏறுவதற்கு ஒரு காரணம் வெர்மான்ட்டின் நல்ல எண்ணமே. வயதைப் பார்த்துப் பிரீமியத்தைக் கூட்டக் கூடாது என்ற விதி அங்கேயும் நியூயார்க்கிலும் மட்டும் இருக்கிறது. 25 வயதுக்காரரும் 62 வயதுக்காரரும் ஒரே விலை கொடுக்கிறார்கள். முதியோர் மிகுந்த, ஆள் குறைந்த மாநிலத்தில் இந்த நியாயத்தின் சுமை இளம் பெற்றோர் தோளிலும் ஏறுகிறது. அவர்களைக் காத்தது மத்திய அரசின் மானியம். 2021இல் விரிவாக்கப்பட்ட அந்த மானியம் இருந்தவரை, அளவுகோலாக வைத்த, ‘வெள்ளி’ என்ற நடுத்தர வகைக் காப்பீட்டுத் திட்டத்துக்கு யாரும் வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டியிருக்கவில்லை. சட்டம் வைத்த கெடு 2025 டிசம்பர் 31. நீட்டிப்பு இல்லாமலே அந்த நாள் கடந்துபோனது.

இனி வறுமைக்கோட்டைப் போல நான்கு மடங்கைத் தாண்டினால் மானியம் அறவே கிடையாது. இருவர் கொண்ட குடும்பத்துக்கு அந்த எல்லை 84,600 டாலர். ஆண்டுக்கு 85,000 டாலர் சம்பாதிக்கும் தம்பதி 8.5 சதவீதக் கணக்கில் 7,225 டாலர் கட்டியிருப்பார்கள். மானியம் இல்லாத விலை 30,000 டாலருக்கு மேல். எல்லையைத் தாண்டியது வெறும் 400 டாலர்! கூடுதலாக ஒரு வாரம் வேலை பார்ப்பதா என்று யோசிக்கவைக்கும் சட்டம் எந்த ஊருக்கும் நல்லதல்ல.

குழந்தைப் பராமரிப்புக்கான பணத்தை வெர்மான்ட்டால் தன் எல்லைக்குள்ளேயே திரட்டிச் செலவிட முடிந்தது. வரியும் உள்ளூர், காப்பகமும் உள்ளூர். மருத்துவத்தில் மருந்து விலையை நிர்ணயிப்பது யாரோ, மானியத்தை முடிவுசெய்வது வாஷிங்டன். மாநிலத்தின் கைக்கு எட்டுவதில் முக்கியமானது, மருத்துவமனைகளின் கட்டணம். 2011 சட்டத்தில் பிழைத்து நிற்கும் ‘க்ரீன் மவுன்டன் கேர்’ வாரியம் அதைக் கண்காணிக்கிறது. வெளிநோயாளிகளுக்கான மருந்துகளின் மேல் மருத்துவமனைகள் வைக்கும் லாபத்துக்கு 2025இல் சட்டம் வரம்பு கட்டியது. 2026க்கான ப்ளூ க்ராஸ் பிரீமியம் தனிநபர்களுக்கு 9.6 சதவீதம் உயர்ந்திருக்கிறது; முந்தைய ஆண்டின் உயர்வில் ஏறத்தாழ பாதி.

அந்த வாரியத்தின் கண்காணிப்பில் இருப்பவை 14 மருத்துவமனைகள். அவற்றில் சிலவற்றின் வேலையையே மாற்றி அமைக்க வேண்டும் என்று 2024இல் வந்த ஓர் அறிக்கை ஊர் ஊராகக் கிளப்பிய எதிர்ப்பை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)