உங்களுக்குத் தெரியுமா? நெல்லுக்கு விடுமுறை விட்ட கோனசீமா

ஆந்திரத்தின் கோதாவரி டெல்டாவில் இருக்கிறது கோனசீமா. வண்டல் மண், வாய்க்கால் பாசனம். அப்படிப்பட்ட பூமியில் 2011 காரிஃப் (மழைக்கால) பருவத்தில் விவசாயிகள் நெல் நடாமல் வயல்களைத் தரிசாகப் போட்டார்கள். 'பயிர் விடுமுறை' என்று அதை அறிவித்தார்கள்.

அந்த ஆண்டு சாதா ரக நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,080 ரூபாய். நடவுக்கூலி, அறுப்புக்கூலி, உரம் எல்லாம் கூட்டினால் கைநஷ்டம் என்றார்கள். குத்தகைக்கு உழுதவர்கள் பாடு இன்னும் கொடுமை. லாபமோ நஷ்டமோ, நிலக்காரருக்குப் பேசிய குத்தகையை அளந்தே தீரவேண்டும். மழை பொய்த்துக் காய்ந்த வயலைவிட, தண்ணீர் இருந்தும் வெறுமனே கிடக்கும் வயல்தான் மனதை அதிகம் அறுக்கிறது.

காரணத்தை ஆராய மாநில அரசு முன்னாள் தலைமைச் செயலாளர் மோகன் கந்தா தலைமையில் குழு அமைத்தது. 2022லும் கோனசீமாவில் பயிர் விடுமுறைக் குரல் எழுந்தது.