தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கும் தூக்கம் வேண்டும்!

பெங்களூருவில் மின்சார வண்டி வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் பேட்டரி, மைலேஜ், சப்சிடி என்று அடுக்குவார். எனக்கோ அவர் வீட்டு பிளக்குக்குப் பின்னால் ஓடும் கம்பியின் மேல்தான் கிறுக்கு! அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கி நடந்தால் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வரும். அங்கிருந்து நிலத்தடியில் 11,000 வோல்ட் கேபிள், அதற்கும் பின்னால் 66,000 வோல்ட்டை இறக்கித் தரும் சப்ஸ்டேஷன். நடைபாதையில் இரும்புப் பெட்டிகள் நிற்கின்றனவே, அவைதான் 'ரிங் மெயின் யூனிட்'. ஒரு பக்கம் கேபிள் பழுதானால் மறுபக்கத்திலிருந்து மின்சாரத்தைத் திருப்பி விடலாம். பலவற்றைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தபடியே இயக்கலாம். எத்தனை நாள் அந்தப் பெட்டிகள்மேல் சாய்ந்து ஃபோன் பேசியிருப்போம்!

இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதில்லை. சிவனசமுத்திர நீர்வீழ்ச்சியின் மின்சாரம் 1902இல் கோலார் தங்கவயலுக்குப் போனது. 1905இல் பெங்களூருவில் விளக்கு எரிந்தது. மின்வண்டிக்கென்று தனிக் கொள்கையை 2017இலேயே கொண்டுவந்த முதல் மாநிலம் கர்நாடகம். அடுத்த ஆண்டே கே.ஆர். சர்க்கிளில் ஊரின் மின்விநியோக நிறுவனமான பெஸ்காம் தன் அலுவலக வாசலிலேயே சார்ஜிங் நிலையத்தைத் திறந்தது.

சரி, டிரான்ஸ்ஃபார்மருக்கு வருவோம். ஸ்கூட்டரால் அதற்குத் தொந்தரவே இல்லை. சார்ஜர் ஓர் இஸ்திரிப் பெட்டி இழுக்கும் அளவுக்குத்தான் இழுக்கும். கார் அப்படியில்லை. வீட்டில் மாட்டும் 7.4 கிலோவாட் சார்ஜரைப் பாருங்கள்: பல வீடுகள் அனுமதி வாங்கியிருக்கும் மொத்த லோடே அவ்வளவு இருக்காது. 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் இருபது கார்கள் ஒரே நேரத்தில் சொருகப்பட்டால் அதன் திறனில் பாதிக்கும் மேல் காலி!

டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளே எண்ணெயில் மூழ்கிய சுருள்கள். அவற்றைச் சுற்றிக் காகிதம். ஆமாம், வெறும் காகிதம்! சூடு ஏற ஏற அது நைந்து போகும். வரம்புக்கு மேல் ஏறும் ஒவ்வோர் ஆறு டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் மனக்கணக்கு. இத்தனை காலம் நள்ளிரவில் தெரு அடங்கும்போது டிரான்ஸ்ஃபார்மரும் ஆறிக்கொண்டிருந்தது. எல்லோரும் பத்து மணிக்கு வண்டியைச் சொருகிவிட்டுப் படுத்தால் அந்த ஓய்வும் போச்சு.

இதற்கு எனக்குப் பிடித்த ஒரு விடை, முறைவைத்து சார்ஜ் செய்வது. நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஆறேழு யூனிட் போதும். ஒரு மணி நேர வேலை! அடுக்ககத்துச் சார்ஜர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, மொத்த லோடு எல்லையைத் தாண்டாமல் இரவு முழுக்கப் பங்கிட்டுக்கொள்ளும். காலையில் எல்லா வண்டியும் தயார், புது டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டாம். பேருந்து டிப்போக்களின் கதை வேறு. அவை 11,000 வோல்ட்டை நேரடியாக வாங்கிச் சொந்த டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கிக்கொள்ளும்.

இதைவிட அழகான இன்னொரு வழியும் இருக்கிறது. துமகூரு மாவட்டத்துப் பாவகடாவில், விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்த சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா. அது உச்சத்தில் மின்சாரம் பொழிவது நண்பகலில். அந்நேரம் ஊர்க் கார்கள் எங்கே? வொயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் அலுவலகங்களின் அடித்தளத்தில் சும்மா நிற்கின்றன! அந்த அடித்தளத் தூண்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சாதாரண 15 ஆம்பியர் பிளக், ஒரு மீட்டர். கம்பெனிக்காரர்களே, இந்த வருஷமே மாட்டிவிடுங்கள்!