விளக்கெரியாத வீடுகள்

இங்கிலாந்து என்றவுடன் இலண்டன் மாநகரமும் ஆலை நகரங்களும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. அந்நாட்டுச் சிற்றூர்களில் ஒரு வீட்டுக்காக மக்கள் படும் பாட்டை நம்மில் பலர் அறியோம். அங்கே வீடுகள் இல்லாமலில்லை. இருக்கும் வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன என்பதே வேதனை.

நாட்டின் தென்மேற்குக் கோடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது கார்ன்வால். அதன் கரையிலுள்ள செயின்ட் ஐவ்ஸ் ஒரு காலத்தில் மத்தி மீனால் வாழ்ந்த ஊர். பின்னர் மீன்வளம் குன்றிற்று. 1877இல் இரயில் வந்தது, ஓவியர்கள் வந்தனர், 1993இல் டேட் கலைக்கூடம் திறக்கப்பட்டது. துறைமுகத்தை ஒட்டிய சந்துகளில் மீனவக் குடும்பங்கள் வாழ்ந்த கல் வீடுகளை வெளியூர்ச் செல்வர்கள் விடுமுறை இல்லங்களாக வாங்கினர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அவ்வட்டாரத்து வீடுகளில் நான்கில் ஒன்றில் நிலையாகக் குடியிருப்போர் எவருமில்லை. கோடையில் கூட்டம் நெரியும் அச்சந்துகளில், குளிர்கால இரவுகளில் விளக்கெரியும் சாளரங்களைத் தேட வேண்டியிருக்கிறது!

உணவகப் பணியாளரையும் மருத்துவமனைச் செவிலியரையும் எண்ணிப் பாருங்கள். வங்கி பொதுவாக ஆண்டு வருமானத்தைப்போல் நாலரை மடங்கு வரைதான் கடன் தரும். இலண்டனில் வீட்டை விற்று ரொக்கத்துடன் வருபவரோடு இவர்கள் எப்படிப் போட்டியிடுவது? வாடகைக்கோ, கோடையில் வாரக் கணக்கில் விடுவதே உரிமையாளருக்கு ஆதாயம். போதாக்குறைக்கு, 1980ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சி மன்ற வீடுகளைக் குடியிருந்தோருக்கே சலுகை விலையில் விற்க வழி செய்தது. வாங்கியவர்கள் நலம் பெற்றனர். விற்ற வீடுகளுக்கு ஈடாக அதே அளவில் புதியவை எழவில்லை.

கார்ன்வாலின் மக்கள்தொகை குறையவுமில்லை. 2011இல் 5,32,300, 2021இல் 5,70,300. ஆனால் நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். இங்கிலாந்து முழுமைக்கும் அது நூற்றுக்கு 18.4தான். ஓய்வு பெற்றோர் கடற்கரையை நாடுவதில் குற்றமில்லை. அவர்களைப் பேணும் செவிலியருக்கு அவ்வூரில் குடியிருக்க இடமில்லை என்பதே விந்தை.

2016 மே மாதம் செயின்ட் ஐவ்ஸ் மக்கள் வாக்களித்தனர். இனிக் கட்டப்படும் வீடு நிலையாகக் குடியிருப்போருக்கே உரியது என்ற விதியை, வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 80 பேருக்கும் மேல் ஆதரித்தனர். எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கை அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் தள்ளியது. எனினும் அவ்விதி பழைய வீடுகளைக் கட்டுப்படுத்தாது. புதியது கிடைக்காதவர் பழையதை வாங்கிக்கொள்ளலாமே! வாசலை அடைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

வேல்ஸ் நாட்டின் குவினெத் பகுதியில் இதே துன்பத்துடன் மொழிக் கவலையும் சேர்ந்துகொள்கிறது. அங்கே நூற்றுக்கு 64 பேர் வேல்ஸ் மொழி பேசுபவர்கள். பத்தாண்டுகளில் மக்கள்தொகை 1,21,900இலிருந்து 1,17,400ஆகக் குறைந்தது. இளங்குடும்பம் ஒன்று வெளியேறினால் பள்ளியில் அம்மொழி பேசும் பிள்ளைகளும் குறைகின்றனர். 1979 முதல் சில தீவிரவாதிகள் வேல்ஸில் விடுமுறை இல்லங்களுக்குத் தீ வைத்த கொடுமையும் நிகழ்ந்தது. 2022இல் வேல்ஸ் அரசு, குடியிருக்கும் வீடு, இரண்டாம் வீடு, விடுமுறை வாடகை வீடு என மூன்றாக வகுத்தது. 2024 செப்டம்பரில், ஒன்றை மற்றொன்றாக மாற்ற அனுமதி வேண்டும் என்ற விதியைக் குவினெத் நடைமுறைப்படுத்தியது. அதன்மீதும் வழக்கு எழுந்தது.

வரியாலும் தடுக்கப் பார்க்கின்றனர். 2025 ஏப்ரல் முதல் கார்ன்வாலில் இரண்டாம் வீட்டுக்கு இரட்டிப்பு வரி. ஆனால் வீட்டை ஆண்டுக்கு 140 நாட்கள் வாடகைக்குத் திறந்து வைத்து, 70 நாட்களாவது விட்டால், அது இங்கிலாந்தில் வணிக நிறுவனமாகிவிடும். வேறு கட்டடம் இல்லாதவர், வரி மதிப்பும் 12,000 பவுனைத் தாண்டாவிட்டால், வணிக வரியும் கட்ட வேண்டியதில்லை! பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் செவிலியரோ தம் வீட்டுக்குரிய வரியைக் கட்டி வருகிறார்.