முதியோர் இல்லத்தில் நாம் காண வேண்டியவை

முதுமையுற்ற பெற்றோரிடம் சலிப்புச் சொல்லையும் திருக்குர்ஆன் (17:23) தடுக்கின்றது. ஆயினும், படுக்கையுற்ற தாயை வீட்டில் பேண இயலாது முதியோர் இல்லத்தை நாடுவோர் நம்மிடையேயும் உளர். அவர்களைப் பழித்தல் எளிது; நல்ல இல்லத்தைத் தேர உதவுதலே நம் கடன் எனக் கருதுகின்றோம்.

கட்டடப் பொலிவு சான்றாகாது. முன்னறிவிப்பின்றி, இருட்டிய பின் செல்லுதல் நன்று. எழ இயலாதாரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கின்றனரா? தவறின் இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் படுக்கைப்புண் தோன்றும். குடிநீர் கைக்கெட்டும் தொலைவில் உள்ளதா? அழைத்தால் எவரேனும் வருகின்றனரா? தொழுகைக்கு உளூச் செய்ய உதவுவார் உண்டா?

சேர்த்த பின்னரும் இவற்றை நாம் தொடர்ந்து காணவேண்டும். கட்டணம் செலுத்துவதால் மட்டும் பிள்ளைகளின் கடமை தீர்ந்துவிடுவதில்லை.