காயிலில்தான் இருக்கிறது காரியம்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு சுற்று சுற்றி வந்தால், பல்ஸ் இன்டக்‌ஷன் மெட்டல் டிடெக்டருக்கு வேண்டிய சாமான் எல்லாமே பைக்குள் வந்துவிடும். ஓர் ஐஆர்எஃப்740 மாஸ்ஃபெட், ஒன்றிரண்டு ஆப்-ஆம்ப், டைமருக்கு ஒரு 555 அல்லது சின்ன மைக்ரோகன்ட்ரோலர், ஒரு கைப்பிடி ரெசிஸ்டர். சர்க்யூட் படத்துக்கும் பஞ்சமில்லை. அமெரிக்கப் பொறியாளர் கார்ல் மோர்லண்டின் ‘ஹேமர்ஹெட்’ படத்தைப் பார்த்துக் கட்டியவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். நாமே உட்கார்ந்து செய்தாக வேண்டிய உறுப்பு ஒன்றே ஒன்றுதான்: தரையை நோக்கி நீட்டும் அந்த வட்டக் காயில். அதை ஏனோதானோ என்று சுற்றிவிட்டு, ‘தூரம் எடுக்கவில்லை’ என்று ஐசியை மாற்றி மாற்றிப் பார்க்கிறவர்கள்தான் அதிகம்.

இந்தக் கருவியின் வேலை கிணற்றுக்குள் குரல் கொடுத்துவிட்டு எதிரொலிக்குக் காத்திருப்பது போன்றது. நம் குரல் ஓய்ந்தால்தான் எதிரொலி கேட்கும். பேட்டரியிலிருந்து நூறு, நூற்றைம்பது மைக்ரோசெகண்டுக்கு காயிலில் மின்சாரம் பாய்கிறது. பிறகு சட்டென்று அறுபடுகிறது. காந்தப்புலம் குலையும் அந்த நொடிப்பொழுதில் மண்ணுக்குள் இருக்கும் மோதிரத்திலோ காசிலோ சுழல் மின்னோட்டம் பிறந்து, மெல்லத் தேய்ந்து மறைகிறது. அந்தத் தேய்மானத்தை அதே காயில்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 1960களில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆய்வகத்தில் எரிக் ஃபாஸ்டர் இந்த முறையில் உழைத்த காலத்திலிருந்து இன்றுவரை தத்துவம் மாறவில்லை.

சிக்கல் எங்கே என்றால், மின்சாரம் அறுபடும்போது காயில் சும்மா இருப்பதில்லை. 12 வோல்ட் பேட்டரிதான். ஆனால் காயிலின் முனையில் துள்ளி எழுவது 400 வோல்ட். மாஸ்ஃபெட்டின் தாங்கும் எல்லை அதுதான் என்பதால் அங்கே நிற்கிறது. நாம் தேடும் சிக்னலோ மைக்ரோவோல்ட் கணக்கு. அதாவது, அந்தத் துள்ளல் நாற்பது கோடியில் ஒரு பங்காக அடங்கிய பிறகே மோதிரத்தின் முனகல் காதில் விழும். அதற்குக் கிடைக்கும் அவகாசம் பத்துப் பதினைந்து மைக்ரோசெகண்டு.

கனமான செம்புக் காசு என்றால் அதன் சிக்னல் நிதானமாகத் தேயும், காத்திருக்கலாம். மெல்லிய தங்கம் காத்திருக்காது. ஐந்து மைக்ரோசெகண்டு தேய்மானக் காலம் கொண்ட ஒரு சின்னத் தங்கத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் அறுந்து 10 மைக்ரோசெகண்டில் கேட்டால் கிடைக்கும் சிக்னல், 20 மைக்ரோசெகண்டில் கேட்டால் ஏழில் ஒரு பங்குதான். கழுத்துச் சங்கிலி இன்னும் மோசம். கண்ணிகள் தனித்தனியாகத் தொட்டுக்கொண்டு கிடப்பதால் பெரிய சுழல் மின்னோட்டம் உருவாக வழியில்லை. எடை கூடின சங்கிலியைக் கோட்டை விட்டுவிட்டு, எடை குறைந்த மோதிரத்தை இந்தக் கருவி பிடிப்பது இதனால்தான்.

ஆக, நல்ல காயில் என்பது சீக்கிரம் வாயை மூடும் காயில். சுற்று கூடினால் சக்தி கூடும் என்று நினைப்பதுதான் பலரையும் கவிழ்க்கிறது. சுற்றை இரட்டிப்பாக்கினால் இண்டக்டன்ஸ் நான்கு மடங்காகிறது. மின்சாரம் ஏறுவதற்கும் நேரமாகிறது, அடங்குவதற்கும் நேரமாகிறது. அனுபவசாலிகள் பெரும்பாலும் 300 மைக்ரோஹென்றியில் நிறுத்திக்கொள்வார்கள். 26 சென்டிமீட்டர் விட்டத்தில் அதற்கு 22 சுற்று போதும். அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பி சுமார் 18 மீட்டர் பிடிக்கும்; ரெசிஸ்டன்ஸ் ஒன்றரை ஓமுக்குச் சற்று மேலே நிற்கும்.

எந்தக் கம்பி என்பதில் வைண்டிங் கடைப் பழக்கம் நமக்கு ஒத்துவராது. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவருக்கு இடம் முக்கியம். அதனால் மெல்லிய எனாமல் ஒயரை நெருக்கி நெருக்கிச் சுற்றுவார். நமக்கு அந்த நெருக்கம்தான் எதிரி. ஒட்டி நிற்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே கொஞ்சம் கெபாசிடன்ஸ் சேர்கிறது. அது சேரச் சேரக் காயில் அடங்க மறுக்கிறது. எனாமல் ஒயரில் கட்டினாலும் பெரிய காசுகளைப் பிடிக்கும், பழுதில்லை. தங்கம் வேண்டுமென்றால் தடித்த உறையுள்ள கம்பிக்கு மாறுங்கள். மலிவான வழி, ஒரு துண்டு லேன் கேபிளை உரித்து, முறுக்கியிருக்கும் ஜோடிகளைப் பிரித்து, ஒற்றைக் கம்பியாக எடுத்துக்கொள்வது. உள்ளே அரை மில்லிமீட்டர் செம்பு. மேலே பாலிஎத்திலீன் உறை. அந்த உறையே சுற்றுகளைத் தள்ளி நிறுத்திவிடும்.

பலகையில் வட்டம் வரைந்து, சுற்றிலும் ஆணி அடித்து, அதன்மேல் சுற்றி, நூலால் இறுகக் கட்டிக் கழற்றுவதே எளிய முறை. தோசைக்கல் போலத் தட்டையாக, சுற்றுக்கு வெளியே சுற்றாகச் சுருட்டினால் கெபாசிடன்ஸ் இன்னும் குறையும், ஆனால் பொறுமை வேண்டும். எப்படிக் கட்டினாலும் கம்பி அசையக் கூடாது. அசைந்தால் தரையில் தட்டும்போதெல்லாம் பொய்யாகக் கத்தும். கடைசியில் எபாக்சி ஊற்றி இறுக்குவது அதற்காகத்தான்.

காயிலைச் சர்க்யூட்டோடு இணைக்கும் கேபிளிலும் கவனம் தேவை. டிவிக்காரர் கொடுக்கும் கோ-ஆக்ஸ் எதுவாக இருந்தாலும் அளவைப் பாருங்கள். ஆர்ஜி-58 ரகம் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் சேர்க்கும். காயில், கேபிள், காயிலைப் போர்த்தும் ஷீல்டு, மாஸ்ஃபெட் எல்லாம் சேர்ந்து 500 பிகோஃபாரட் வந்தால், காயிலின் துள்ளலை அடக்கும் டேம்பிங் ரெசிஸ்டர் 390 ஓம் அருகே அமையும். அதையே 200-க்கு இறக்கிவிட்டால் 600 ஓமைத் தாண்டலாம். அடங்கும் நேரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். சர்க்யூட்டில் எதை மாற்றினாலும் இவ்வளவு லாபம் சுலபத்தில் வராது.

ஷீல்டு இல்லாமலும் ஓடும். ஆனால் ஈரப்புல் உரசினாலே சிணுங்கும். ஷீல்டுக்குத் தடித்த செம்பு டேப் ஒட்டினால் அதுவே ஒரு புதையலாகிவிடும். கருவி அதைத்தான் கண்டுபிடித்துக்கொண்டிருக்கும். ஒட்டுவதற்கு முன் அந்த டேப்பில் ஒரு கையகலத் துண்டை, வேலை செய்யும் காயில் முன் ஆட்டிப் பாருங்கள். கத்தினால் வேண்டாம். கிராஃபைட் கலந்த பெயிண்ட் பாதுகாப்பானது. கம்பிக்கட்டுக்கும் ஷீல்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். வட்டம் முழுவதும் மூடாமல் ஓரிடத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் ஷீல்டே ஷார்ட்டான ஒரு சுற்றாக மாறிவிடும்.

டேம்பிங் ரெசிஸ்டரை முடிவு செய்வது எல்லாவற்றுக்கும் கடைசி. ஷீல்டும் கேபிளும் சேர்ந்த பிறகு செய்தால்தான் கணக்கு நிற்கும். ஆசிலோஸ்கோப்பின் முனையைக் காயிலிலேயே வைத்து 400 வோல்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள். ப்ரீ-ஆம்ப் வெளியீட்டில் பாருங்கள். மதிப்பு கூடினால் அலை துள்ளும். குறைந்தால் சோம்பிப்போய் இறங்கும். துள்ளல் மறையும் எல்லையில் நிறுத்த வேண்டும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் இங்கே ஆகாது, அதுவும் ஒரு காயில்தான்.

பெரிய காயில் ஆழம் பார்க்கும் என்பது பாதி உண்மை. ஒரு மீட்டர் சட்டம் கட்டினால் புதைந்த இரும்புப் பீப்பாய் தெரியும்; காசு தெரியாது. காயில் அளவைத் தாண்டிய ஆழத்தில், தூரம் இரட்டித்தால் சிக்னல் ஏறக்குறைய 64-இல் ஒரு பங்காக விழுகிறது. இன்னும் இரண்டடி தருகிறேன் என்று சொல்லும் விளம்பரங்களை இந்தக் கணக்கோடு படியுங்கள்.

உப்புநீர் கடற்கரைதான் இதற்கு ஏற்ற களம். உப்புத் தண்ணீரின் சிக்னல் நாம் கேட்கும் நேரத்துக்குள் அடங்கிவிடும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் சாதாரண டிடெக்டர்கள் தடுமாறும் இடத்திலும் இது ஓரளவு தாக்குப்பிடிக்கும். செம்மண்ணில் மட்டும் மண்ணே மெல்ல முனகும்.

காயில் கட்டி முடித்த கையோடு ஆற்றங்கரைக்கும் பழைய கோயிலுக்கும் கிளம்பிவிட வேண்டாம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றாலே கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லைக்குள் தோண்டுவது குற்றம். இலங்கையின் வடக்கில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கண்ணிவெடி அகற்றி முடிக்காத நிலத்தில், வீட்டில் கட்டிய டிடெக்டரை நம்பி ஓர் அடிகூட வைக்காதீர்கள்.